சீட் கவர் போட்டால் ஏர்பேக் மாட்டிக்கொள்ளுமா?

இரட்டைவால் அப்பா:
வீட்டில் நான்கு வயதில் ஒருத்தி, ஒன்றரை வயதில் ஒருவன். கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, சீட்டைப் பார்த்தால் எட்டு வருடம் ஓடிய கார் மாதிரி இருக்கிறது. டிரைவர் சீட்டின் முதுகு முழுக்கச் செருப்புத் தடம். பின் சீட்டில் நீலக் க்ரேயான் உருகி அப்பியிருக்கிறது. சின்னவன் கக்கிய பால் எந்தத் தையலுக்குள் இறங்கியதோ, வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் தெரிந்துவிடும்.

சரி, முழுக் கவர் போட்டுவிடலாம் என்று போனேன். கடைக்காரர் டிரைவர் சீட்டுக்கு மாட்டியே காட்டினார். அப்புறம்தான் கவனித்தேன்: சாய்மானத்தில் கதவுப் பக்க ஓரமாக 'ஏர்பேக்' என்று தைத்திருந்த சின்னத் துணிப்பட்டை கவருக்குள் போய்விட்டது. கேட்டால், "அதெல்லாம் கிழிச்சிக்கிட்டு வந்துடும் சார்" என்கிறார். கழற்றச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரொம்பத்தான் பயப்படுகிறேனோ?

ஸ்பேனர்:
பயந்தது நியாயம்தான் சார். பக்கவாட்டு ஏர்பேக் அந்த ஓரத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும், அதற்காகவே அங்கே பிரியும்படி தைத்திருப்பார்கள். பக்கவாட்டில் வண்டி மோதும்போது உடம்புக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். அதனால் 10, 20 மில்லி விநாடிக்குள் விரிந்தாக வேண்டும். மேலே இன்னொரு தடித்த துணி இருந்தால் தாமதமாகும், இல்லை தப்பான பக்கம் பிதுங்கும். ஏர்பேக்குக்கு ஏற்றது என்று தனியாகக் கவர் வருகிறது. ஆனால் உங்கள் மாடல் சீட்டிலேயே சோதித்ததா என்று கேளுங்கள். அதிலும் இடது வலது மாற்றி மாட்டினால் பிரியும் தையல் கியர் பக்கம் போய்விடும். சில கார்களில் முன் பயணி சீட்டின் மெத்தைக்குள் எடை பார்க்கும் சென்சார் வேறு இருக்கும், தடித்த கவர் அதையும் குழப்பலாம். எதற்கும் கார் கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

மூன்று பிள்ளைக்காரி:
பிள்ளைகள் உதைப்பது முதுகுப்புறத்தை, அங்கே கிக் மேட் (சீட்டின் முதுகில் தொங்கவிடும் விரிப்பு) போதும். மேல் பட்டையை ஹெட்ரெஸ்ட் கம்பியில் மாட்டுங்கள். மேட், சீட்டின் ஓரத்தைச் சுற்றி வராத அகலமாக இருக்கட்டும். கீழ்ப் பட்டை கட்டும்போது சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரைத் தொடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் வாக்குவம் போடுகிறேன் என்று அதை இழுத்துவிட்டு, ஏர்பேக் விளக்கு அணையாமல் ஒரு வாரம் முழித்தார்!

பின் சீட்டில் நான் செய்த தப்பு: குழந்தை சீட்டுக்கு அடியில் டவலை நாலாக மடித்துப் போட்டேன். எவ்வளவு இறுக்கினாலும் ஆடியது, டவலை உருவியதும் நின்றது. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது. மேட் வேண்டுமென்றால் குழந்தை சீட் தயாரித்தவர்களே அனுமதித்த மெல்லிய மேட்தான். பால் கறைக்குப் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் ஊற்றினால் இறுகிவிடும். பெல்ட் நாடாவுக்கு லேசான சோப்பு, ப்ளீச் ஆகவே ஆகாது.

இரட்டைவால் அப்பா:
இருவருக்கும் நன்றி. கையேட்டில் படம் போட்டே கவர் வேண்டாம் என்றிருக்கிறது, எட்டு மாதமாக டேஷ்போர்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கிக் மேட் மாட்டிவிட்டேன், இரண்டு ஓரமும் வெளியே தெரிகிறது. மகள் செருப்பைப் பதித்துப் பார்த்துவிட்டு, "இது என் இடமாப்பா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நீலக் க்ரேயானுக்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.