3060-ஆ 4060-ஆ: ஒரு கல்யாண சீசனில் நான் பட்ட பாடு

மார்த்தாண்டம் எடிட்டர்:

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. பழைய 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டை (ஜிபியு) வைத்து நாலு வருஷம் ஓட்டினேன். போன ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் அதை மாற்றியே ஆகவேண்டிய நிலை. கையிலிருந்த காசுக்கு இரண்டே வழி: ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, இல்லையென்றால் ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி.

காகிதத்தில் பார்த்தால் குழப்பம்தான் மிச்சம். 2021-இல் வந்த 3060-இல் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 192 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்), நொடிக்கு 360 ஜிபி மெமரி வேகம். 2023-இல் வந்த 4060-இல் கோர் 3072, பஸ் 128 பிட், வேகம் 272 ஜிபி. எல்லாமே குறைவு! ஆனால் கேமில் சுமார் 15 முதல் 20 சதவீதம் வரை புதியதுதான் முந்துகிறது. காரணம், 4060-இன் கோர்கள் ஓடும் வேகம் ரொம்ப அதிகம். சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சின்ன வேக மெமரி 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆகிவிட்டதால் மெமரியைத் தேடி அடிக்கடி போகவும் வேண்டியதில்லை. தலைமுறை மாறினால் கோரை எண்ணிப் பார்ப்பது வீண் வேலை. நானும் அப்படி நினைத்துத்தான் 4060 வாங்கினேன். கரண்டும் 115 வாட்தான், 3060-க்கு 170.

முதல் பத்து நாள் கொள்ளாம். அப்புறம் வந்தது ஒரு ரிசப்ஷன். மண்டபத்தில் மேடை விளக்கு ஒன்று எரியவில்லை, சீரியல் பல்பு வெளிச்சத்திலேயே ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றி எடுத்திருக்கிறான் நம்ம கேமராப் பையன். மாப்பிள்ளை கோட்டு முழுக்க எறும்பு ஊர்வதுபோலப் புள்ளி. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைன் போட்டு, புள்ளி நீக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் கொடுத்து, ராத்திரி ரெண்டருக்கு விட்டுப் படுத்தேன். ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் 61 சதவீதத்தில் நிற்கிறது: ஜிபியு மெமரி நிரம்பிவிட்டதாம். புள்ளி நீக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களையும் கார்டு சேர்த்துத் தூக்கி வைத்துக்கொள்ளும். 8 ஜிபி அதற்குக் காணாது. மறுநாள் மதியம் பெண் வீட்டிலிருந்து போன், எனக்கோ ஒரே வெப்ராளம்.

நாகர்கோவிலில் இருக்கும் மச்சானிடம் 3060 இருந்தது. “இரண்டு நாளைக்குக் கொடு மச்சான்” என்று வாங்கிவந்து மாட்டினேன். அதே ஃபைல், அதே செட்டிங். டாஸ்க் மேனேஜரில் மெமரி 9 ஜிபியைத் தாண்டி நின்றது, ரெண்டர் ஆடி அசைந்து முடிந்தது. வேகம் குறைவுதான், ஆனால் முடிந்தது. அந்த இரண்டு நாள் இப்போது எட்டு மாதம் ஆகிறது. என் 4060 அவன் வீட்டில் கேம் ஓட்டிக்கொண்டிருக்கிறது. கேமில் இடைப் படங்களைக் கார்டே உருவாக்கிச் சேர்க்கும் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் 40 வரிசையிலிருந்துதான் உண்டு என்பதால் அவனுக்கும் வருத்தமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கேமரா பதிவது எச்.265 என்ற சுருக்க முறையில், நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 வகையில். இந்த இரண்டு கார்டுமே அந்த 4:2:2-ஐத் தன் வன்பொருளில் டிகோட் செய்யாது, அதாவது விரித்துக் காட்டாது. என்விடியாவில் அது 50 வரிசையில்தான் வந்தது. எந்தக் கார்டு போட்டாலும் டைம்லைன் திக்கித் திக்கி நகர்ந்தது அதனால்தான். அதைச் செய்வது இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ், 11-ஆம் தலைமுறையிலிருந்து. என்னிடம் இருந்ததோ 12400எஃப். அந்த ‘எஃப்’ என்றால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. “அண்ணே, தனிக் கார்டு போடுறீங்கல்ல, அது எதுக்கு உங்களுக்கு, ஆயிரத்துச் சில்லறை மிச்சம்” என்றான் கடைக்காரப் பையன். நானும் தலையாட்டினேன்.

குளச்சல் கடற்காற்று:

3060-ஐப் பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசைக் கார்டு வைத்து மைனிங் செய்வது, அதாவது கணக்குப் போட்டுச் சம்பாதிப்பது நின்றது, அதன் பிறகு பழைய கார்டுகள் சந்தையில் மலிந்தன. நானும் ஒன்று வாங்கினேன். மைனிங்கில் உழைத்த கார்டுதான், பின்பக்கத் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை) எண்ணெய் கக்கியிருந்தது. பேடையும் பேஸ்டையும் மாற்றினேன், இன்றுவரை ஓடுகிறது.

என் கார்டைத் தின்றது மைனிங் அல்ல, உப்புக்காற்று. வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஆனி ஆடிக் காற்றில் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு வருஷத்தில் ஸ்க்ரூ எல்லாம் துரு, ஹீட்சிங்க் தகட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. பழைய கார்டு வாங்கும்போது முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள். கடற்கரை ஊர்க்காரன் விற்றது என்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

தக்கலை மாணவன்:

நான் ஏமாந்த கதை. ‘3060’ என்று மட்டும் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, 8 ஜிபி. அதே பெயரில் 2022 கடைசியில் விட்ட இன்னொரு மாடல். கோர் அதே 3584, ஆனால் பஸ் 128 பிட், மெமரி வேகம் 240 ஜிபிக்கு இறங்கிவிடும். கேமிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஜிபியு-இசட் என்று இலவச மென்பொருள் உண்டு, பஸ் வித்த் என்ற கட்டத்தில் 192 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஒரு சந்தேகம் அண்ணா, 3060-க்கு உங்கள் யுபிஎஸ் தாங்குகிறதா?

மார்த்தாண்டம் எடிட்டர்:

தாங்கவில்லை தம்பி. 600 விஏ யுபிஎஸ் என்றால் 360 வாட்தான். கார்டுக்கு 170, பிராசசர் முழு வேகத்தில் 117 வரை இழுக்கும், அப்புறம் மானிட்டர், டிஸ்க். ஐப்பசி இடிமழையில் கரண்டு போன உடனே ‘கீ’ என்று கத்திவிட்டு மொத்தமாக அணைந்தது. 4060 இருந்தபோது அதே யுபிஎஸ் ஃபைலைச் சேவ் பண்ணுகிற அளவுக்காவது தாக்குப்பிடித்தது. இப்போது 1 கேவிஏ வாங்கியிருக்கிறேன்.

பிராசசரையும் எஃப் இல்லாத 12400-ஆக மாற்றிவிட்டேன். மாற்றியும் திக்கல் போகவில்லை, ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், தனிக் கார்டு மாட்டியிருந்ததால் போர்டு உள் கிராஃபிக்ஸை அணைத்து வைத்திருக்கிறது. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) போய் அதை எனேபிள் செய்துவிட்டு, ரிசால்வின் டிகோட் ஆப்ஷனில் அந்த உள் கிராஃபிக்ஸின் டிகோடரான இன்டெல் குவிக் சிங்க்கை டிக் செய்தேன். தாலி கட்டுகிற கிளிப்பை முன்னும் பின்னுமாக நாலு தடவை இழுத்துப் பார்த்தேன், எங்கும் நிற்கவில்லை.