ஸ்லோ குக்கரில் பருப்பு வேகலை, சிக்கன் குழம்பு தண்ணியா ஓடுது: எங்கே தப்பு?

தேம்ஸ்கரை:
வணக்கம். லண்டனில் இருக்கிறோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். காலை 7.30க்குக் கிளம்பினால் திரும்ப மாலை 5.30 ஆகிவிடும். 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் (மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரச் சட்டி) இருக்கிறது. லோ, ஹை, வார்ம் என்று ஒரு திருகு மட்டும்தான், டைமர் இல்லை. சமையலுக்கு நான் புதுசு.

துவரம்பருப்பு, கத்திரிக்காய், புளித்தண்ணீர், சாம்பார்பொடி எல்லாம் ஒன்றாகப் போட்டு லோவில் 8 மணி நேரம் வைத்தால் பருப்பு அப்படியே நிற்கிறது, கத்திரிக்காய் கூழாகிவிடுகிறது. சிக்கன் குழம்பில் வெங்காயம் பச்சை வாடை, மேலே ஒரே தண்ணீர். வாரநாளில் வைத்துவிட்டுப் போக எதெல்லாம் சரிவரும்?

வெண்கலப்பானை:
பருப்பு வேகாததற்குப் புளிதான் முதல் காரணம். புளிப்பு சேர்ந்தால் பருப்பின் தோலும் சதையும் இளகாது. எத்தனை மணி நேரம் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். தக்காளிக்கும் இதே கதி. இரண்டாவது, லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் பருப்பை இறுக்கும். ஃபில்டர் ஜக்கில் வடிகட்டின தண்ணீர் ஊற்றுங்க. அது இல்லையென்றால் ஆப்பசோடா ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம், சோப்பு வாடை வந்துவிடும்.

செய்முறை: துவரம்பருப்பு 200 கிராம், இரவே கழுவி ஊறவைங்க. காலையில் வடித்துவிட்டு, கெட்டிலில் கொதித்த தண்ணீர் 900 மில்லி, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், பெருங்காயம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். லோவில் வைத்துவிட்டுப் போங்க. மாலை மத்தால் கடைந்தால் வெண்ணெய் மாதிரி மசியும். சாம்பார் வேலையை அடுப்பில் தனியாகச் செய்யணும். சின்ன எலுமிச்சை அளவு புளி கரைத்து, காய், உப்பு, சாம்பார்பொடி ஒன்றரை டேபிள்ஸ்பூன் போட்டுக் கொதிக்க விட்டால் 15 நிமிஷத்தில் காய் வெந்துவிடும். பருப்பைக் கலந்து ஒரு கொதி, கடைசியில் தாளிப்பு. கத்திரிக்காய், வெண்டை, கீரை எதையும் காலையிலேயே குக்கரில் போடாதீங்க.

சோறையும் அதில் முயற்சி பண்ணாதீங்க, களியாகிவிடும். கஞ்சி என்றால் நன்றாக வரும்: அரிசி ஒரு கப், தண்ணீர் எட்டு கப், இரவு முழுக்க லோ.

கறிவேப்பிலை:
சிக்கனைப் பத்து மணி நேரம் வைக்கவே கூடாது. எலும்போடு தொடைக்கறி லோவில் 5 முதல் 6 மணி நேரத்தில் தயார். அதற்கு மேல் போனால் எலும்பு தனியே கழன்று, கறி நாராகிவிடும். நெஞ்சுக்கறி இன்னும் சீக்கிரம் வறண்டு போகும். சிக்கனை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொண்டு, வாரநாளில் மட்டன் போடுங்க. தோள்கறியும் காலெலும்பும் நீண்ட நேரத்துக்கென்றே பிறந்தவை. சவ்வெல்லாம் மெல்லக் கரைந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும்.

தண்ணீர் ஏன் நிற்கிறதென்றால், மூடி போட்ட பாத்திரத்தில் ஆவி வெளியே போவதில்லை, கறியும் வெங்காயமும் தாங்களே நீர் விடும். 750 கிராம் தோள்கறிக்கு 100 மில்லி தண்ணீர் போதும். வெங்காயத்தையும் இஞ்சிபூண்டு விழுதையும் வதக்கித்தான் போடணும், ஏனென்றால் உள்ளே சூடு கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும், எதுவும் சிவக்காது. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அந்த எண்ணெயிலேயே ஒரு நிமிஷம் புரட்டிடுங்க.

உருளைக்கிழங்கு போட்டால் அடியில் பரப்பி, கறியை மேலே வைங்க. கிழங்கு கறியைவிட மெதுவாக வேகும் என்பது புதிதாகச் செய்கிறவர்களுக்குத் தெரியாது. கிராம்பு, பட்டை வழக்கத்தில் பாதி போதும், நேரம் ஆக ஆகக் காட்டம் ஏறும். தேங்காய்ப்பால், தயிர் கடைசி 20 நிமிஷத்தில்தான், முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். அப்போதும் குழம்பு நீர்த்திருந்தால் பொட்டுக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், தேங்காய் மூன்று டேபிள்ஸ்பூன் அரைத்து ஊற்றி, மூடியைத் திறந்து ஹையில் அரைமணி நேரம் விடுங்க.

தேம்ஸ்கரை:
ரொம்ப நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். காலையில் வெங்காயம் வதக்க நேரமே இல்லை. ராஜ்மா நேரடியாகப் போடலாமா? பிளக்கில் மாட்டுகிற டைமர் வாங்கி, பத்து மணிக்கு ஓடும்படி வைத்தால் சிக்கனும் சரியாக வருமே?

அடுப்பங்கரை:
ராஜ்மாவை நேரடியாகப் போடவே போடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாது. அரைகுறைச் சூட்டில் அதன் வீரியம் கூடவும் செய்யும், சில மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. குறைந்தது 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் 10 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே குக்கருக்குள் போகலாம். டின் ராஜ்மா ஏற்கனவே வெந்தது, பயமில்லை.

டைமர் யோசனையும் வேண்டாம். 7.30லிருந்து பத்து வரை பச்சைக் கறி அறைச்சூட்டில் கிடக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகுகிறது. அதே காரணத்தால் உறைந்த கறியையும் போடக்கூடாது, முந்தின இரவே ஃபிரிட்ஜில் இளகவிடுங்கள். உங்களுக்குத் தேவை, வைத்த நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு மாறுகிற மாடல். அது வாங்கும்வரை மட்டன், பருப்பு, ஊறவைத்துப் பத்து நிமிஷம் கொதிக்கவைத்த கொண்டைக்கடலை, இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிரம்பியிருக்கட்டும். நடுவில் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு தடவைக்கும் 20 நிமிஷமாவது கூடும்.

வெண்கலப்பானை:
வதக்கலுக்கு வழி: ஞாயிறன்று வெங்காயம் ஒரு கிலோ, எண்ணெய் 100 மில்லி, இஞ்சிபூண்டு விழுது 4 டேபிள்ஸ்பூன். பொன்னிறம் தாண்டி வதக்கி, ஆறவைத்து, நாலு பங்காக்கி ஃப்ரீசரில் வைங்க. ஒரு பங்கு ஒரு குழம்புக்கு. இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் காலையில் கறி, மசாலாத்தூள், சுடுதண்ணீர் எல்லாம் போட்டுக் கலக்க ஐந்தே நிமிஷம். மசாலாத்தூளை ஞாயிறே அதில் புரட்டி வைத்தாலும் சரி.

ஒன்று மட்டும், இரவே எல்லாவற்றையும் பீங்கான் சட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீங்க. சில்லிட்ட சட்டி சூடேற ரொம்ப நேரம் எடுக்கும், சுடுதண்ணீர் பட்டால் விரிசலும் விடும். டப்பாக்களில் வைத்து, காலையில் சட்டிக்கு மாற்றுங்க.