சர்க்கரை உள்ள அப்பா, சித்ரா பௌர்ணமி கிரிவலம், வெறுங்கால்: என்ன செய்யலாம்?

திண்டிவனத்துப் பொண்ணு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும், மாத்திரைதான், ஊசி இல்லை. சித்ரா பௌர்ணமி வந்தால் போதும், செஞ்சி வழியாக பஸ் பிடித்துத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டரும் செருப்பில்லாமல் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவார். இந்த வருடமும் பையை எடுத்து வைத்துவிட்டார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் ஒரு மணி வெயிலில் மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தை எடுக்க அப்பா வெறுங்காலோடு ஏறினார். எனக்குச் செருப்பு போட்டும் தரையின் சூடு ஏறுகிறது, அவர் பாட்டுக்கு நின்று நிதானமாக ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தட்டில் போடுகிறார். சுடவில்லையா என்று கேட்டால், "எனக்கு இப்பல்லாம் சூடே தெரியறதில்லம்மா, எல்லாம் அண்ணாமலையார் புண்ணியம்" என்கிறார்.

குதிகால் முழுக்க பித்தவெடிப்பு வேறு. அம்மா மெழுகுவர்த்தியை உருக்கி எண்ணெயில் கலந்து தடவி விடுகிறார். போகாதே என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. வெடிப்புக்கு எந்தக் களிம்பு, வெயிலில் நடக்க எந்தச் செருப்பு நல்லது, கிரிவலத்துக்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா

தங்கச்சி, களிம்பும் செருப்பும் அப்புறம். நீங்கள் போகிற போக்கில் எழுதின அந்த ஒரு வரிதான் விஷயமே. ஒரு மணி வெயிலில் மாடித் தரை சுடவில்லை என்றால் அது புண்ணியம் இல்லை, காலில் உணர்ச்சி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை பல வருடம் இருந்தால் முதலில் அடி வாங்குவது பாதத்துக்குப் போகும் நீளமான நரம்புகள்தான். வலி தெரியாது, சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. வியர்வையைச் சுரக்க வைக்கும் நரம்பும் கூடவே கெடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும். அப்பாவின் பித்தவெடிப்புக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

கத்திரி வெயில் வந்தால் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இதே கதைதான். போன கோடையில் ஒரு பெரியவர், உச்சி வேளையில் கோயில் பிரகாரத்தை மூன்று சுற்று சுற்றியிருக்கிறார், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்துவிட்டார். சாயங்காலம் அவர் நடந்த இடமெல்லாம் தரையில் ஈரத் தடம் இருப்பதைப் பார்த்துப் பேரன்தான் கத்தியிருக்கிறான். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் வந்து உடைந்து நீர் வழிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. அந்தக் கால் ஆறி முடிய மழைக்காலம் வந்துவிட்டது, ஒரு விரலும் போனது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். அப்பாவைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, இரண்டு காலிலும், லேசாக ஒரு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள். அங்கே மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் லேசாக அழுத்திப் பார்ப்பார்கள், காலில் நாடி எப்படி ஓடுகிறது என்றும் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் "பாதம் பாதுகாப்போம்" திட்டத்தில் இதைச் செய்கிறார்கள், உங்கள் பக்கம் எங்கே இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அம்மாவிடம் சொல்லி அந்த மெழுகை நிறுத்துங்கள். உருகின மெழுகு எவ்வளவு சூடு என்று அந்தக் காலுக்குத் தெரியாது இல்லையா. வெந்நீரில் கால் ஊறவைப்பதும் வேண்டாம், பிளேடால் சீவவும் வேண்டாம், ஆணிக்கால் இருந்தால் மெடிக்கலில் விற்கும் கார்ன் கேப் ஒட்டவே வேண்டாம், அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும். குளித்துத் துடைத்த உடனே யூரியா கலந்த கிரீம் (10 சதவீதம் போதும்) குதிகாலிலும் உள்ளங்காலிலும் தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் ஊறிப்போய் சேற்றுப்புண் வரும்.

பழைய தெம்பு

எங்க தாத்தா எண்பது வயது வரைக்கும் செருப்பே போட்டதில்லை, வயலுக்கும் வெறுங்கால், சந்தைக்கும் வெறுங்கால், ஒரு டாக்டரையும் பார்த்ததில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் நரம்பு செத்துவிட்டது என்று பயமுறுத்துகிறார்கள். பக்தியோடு நடக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது, பெரியவரை நிம்மதியாக விடுங்கள்.

மலை சுத்துற மணி

அண்ணே, உங்க தாத்தா நடந்தது மண் பாதை, வரப்பு. இப்போது இருப்பது தார் ரோடும் சிமெண்டும். மதிய வெயிலில் தார் ரோடு 60 டிகிரி வரைக்கும் போகும், அந்தச் சூட்டில் தோல் வேக நேரமே பிடிக்காது. தாத்தாவுக்கு சர்க்கரை இருந்ததா என்பதும் தெரியாது. சரி, அதை விடுங்கள்.

நான் திருவண்ணாமலை ஆள், பாதை எனக்கு அத்துப்படி என்பதால் கேட்டவருக்கு நேராகவே சொல்கிறேன். ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டது, கிளம்பலாம் என்று எல்லோரும் அந்த நேரத்துக்கே வந்து குவிகிறார்கள். வானம்தான் ஆறியிருக்கும், ரோடு ஆறியிருக்காது. பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தார் ராத்திரி வெகுநேரம் வரை கக்கிக்கொண்டே இருக்கும், அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் உள்ளங்கால் காந்த ஆரம்பித்துவிடும். விடிவதற்கு முன்னால், இரண்டு மூன்று மணி வாக்கில் கிளம்பினால் ரோடும் குளிர்ந்திருக்கும், கூட்டமும் கொஞ்சம் கலைந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் முடித்துவிடலாம். ஆனால் இதெல்லாம் கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு. உணர்ச்சி இல்லாத காலுக்கு சூடு ஒரு பக்கம், சித்ரா பௌர்ணமி அன்று ரோட்டில் கிடக்கிறது இன்னொரு பக்கம்: அன்னதானத் தட்டு, கிழிந்த தண்ணீர் பாக்கெட், உடைந்த பாட்டில், ஓரமாக ஒதுங்கினால் கருவேல முள். இருட்டில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.

ரோட்டில் செருப்பு போட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை. வெறுங்கால் என்பது அவரவர் வேண்டுதல், அவ்வளவுதான். லிங்கத்துக்கு லிங்கம் ஆட்டோவில் போய் இறங்கிக் கும்பிட்டு வருகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். கோயிலுக்குள் மட்டும் செருப்பு கிடையாது. உள்ளே கல் தரையில் நார் விரிப்பு போட்டிருப்பார்கள், சூடு தாங்க வெள்ளைப் பெயிண்ட் அடித்த பாதையும் இருக்கும், ஆனால் கூட்டம் நெருக்கும்போது விரிப்பைவிட்டு வெளியேதான் நிற்க வேண்டி வரும். அதனால் உள்ளே போவதை விடியற்காலையிலோ ராத்திரியிலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பௌர்ணமிதான் வேண்டும் என்றால் மார்கழி, தை மாதத்திலும் பௌர்ணமி வருகிறது, ஊரே குளிர்ந்து கிடக்கும்!

ஆம்பூர் அட்டை

செருப்புத் தொழிலில் இருக்கிறேன், அந்தப் பங்கை நான் சொல்கிறேன். கடையில் "எம்சிஆர் செருப்பு" என்று கேளுங்கள். காலுக்குப் படுகிற பக்கம் மெத்தென்ற நுண்துளை ரப்பர், அடியில் முள், ஆணி ஏறாத கெட்டி சோல். தொழுநோயால் உணர்ச்சி போன கால்களைக் காப்பாற்ற வேலூரிலும் கரிகிரியிலும் வேலை செய்த டாக்டர்கள், பால் பிராண்ட் மாதிரி ஆட்கள், வழிகாட்டி வளர்ந்த சங்கதி இது, அப்புறம்தான் சர்க்கரைக்காரர்களுக்கு வந்தது. இப்போது எம்சிஆர் என்று பெயர் ஒட்டி சாதா ஸ்பாஞ்சையும் விற்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கி உடனே எழும்ப வேண்டும், அமுங்கினது அப்படியே குழியாக நின்றால் வாங்காதீர்கள்.

விரல் இடுக்கில் வார் போகிற மாடல் வேண்டாம். உணர்ச்சி இல்லாதவருக்குச் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாது, பாதித் தூரம் வெறுங்காலோடு போய்விட்டு எங்கே விட்டேன் என்று தேடுவார், நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே அகலமாக ஒட்டுப்பட்டையும் குதிகாலுக்குப் பின்னால் வாரும் இருக்கட்டும். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது கொண்டுபோய் அளவு பாருங்கள். புதுச் செருப்போடு நேராகக் கிரிவலத்தில் இறக்கிவிடாதீர்கள், முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பார்த்து எங்கேயும் சிவக்கவில்லை என்றால் நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கல் இருந்தாலும் காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. செஞ்சி வழி பஸ் என்றீர்கள். சில பஸ்களில் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி கொதிக்கும், கூட்டத்தில் முன்னால் இடம் கிடைத்தது என்று அதை ஒட்டி உட்கார்ந்து அதன்மேலேயே காலை வைத்துத் தூங்கி, கால் வெந்து போனவர்கள் உண்டு. பின்னால் உட்காரச் சொல்லுங்கள். பைக்கில் போனால் சைலன்சர்.

இரவுக் காவல்

கேள்விக்குக் கொஞ்சம் தள்ளி, ஆனால் வெயில் காலக் கால் என்பதால் கேட்கிறேன். செக்யூரிட்டி வேலை, பன்னிரண்டு மணி நேரம் ஷூ. விரல் இடுக்கு வெளுத்து, அரித்து, தோல் உரிகிறது. மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள், போட்டால் இரண்டு நாளில் அடங்கும், விட்டால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது.

வார்டு அக்கா

தம்பி, அந்த ட்யூப்பின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கும். ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பை அமுக்கிவிட்டு அடியில் பூஞ்சையை நன்றாக வளர்க்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் க்ளோட்ரிமசோல் கிரீம் வாங்கி இரண்டு வேளை தடவுங்கள், சரியான பிறகும் இரண்டு வாரம் விடாமல். பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி கையில் வைத்துக்கொண்டு பாதி ஷிஃப்டில் மாற்றுங்கள். ஷூவும் இரண்டு இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்றைப் போடலாம், ஒன்றுதான் என்றால் வீட்டுக்கு வந்ததும் உள் அட்டையை வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். குளித்த பிறகு விரல் இடுக்கைத் துணியால் ஒற்றித் துடைப்பதுதான் பாதி வைத்தியம். அப்படியும் ஒரு மாதத்தில் போகவில்லை என்றால் தோல் டாக்டர், கூடவே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

திண்டிவனத்துப் பொண்ணு

எல்லோருக்கும் நன்றி. நேற்று அக்கா சொன்ன சோதனையை அம்மாவை வைத்து வீடியோ காலில் செய்து பார்த்தோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ம், ஆரம்பி" என்கிறார், அம்மா அதற்குள் மூன்று விரலைத் தொட்டு முடித்துவிட்டார்! வலது காலில் ஒன்றுமே தெரியவில்லை, இடது காலில் கட்டைவிரல் மட்டும். கண்ணைத் திறக்கச் சொல்லித் திரும்ப ஒரு தடவை தொட்டுக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் எழுந்து போய் டிவி போட்டுக்கொண்டார். சாயங்காலம் அவரே போன் செய்து, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், ஆனால் கிரிவலத்தை விட மாட்டேன் என்றார். ஆட்டோவில் சுற்றுவது என்று பேசி முடித்திருக்கிறோம், ஒவ்வொரு லிங்கத்திலும் இறங்கிக் கும்பிடும் நேரம் மட்டும் செருப்பைக் கழற்றுவாராம். நானும் கூடப் போகிறேன். ஒருவேளை கொப்புளம் வந்துவிட்டால் உடனே என்ன செய்வது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் அக்கா.

வார்டு அக்கா

நல்லது. கழற்றுவதற்கு முன்னால் தரையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து எண்ணுவதற்குள் எடுக்கத் தோன்றினால் செருப்போடு வெளியே நின்றே கும்பிடட்டும். எண்ணி முடித்துவிட்டீர்கள் என்பதற்காக ரொம்ப நேரம் நிற்கவும் விடாதீர்கள்.

சுட்டுவிட்டால் ஓடுகிற சாதாத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியை லேசாகச் சுற்றி, வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே காட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்துக்கு அடியில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், தினமும் ராத்திரி படுக்கும் முன் இதைச் செய்ய அம்மாவைப் பழக்குங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் இப்போது போடுகிற பழைய செருப்பையே போட்டுக்கொண்டு வரட்டும். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் பாதத்தில் எங்கே அழுத்தம் விழுகிறது என்பது தெரியும், புதுச் செருப்பை அதற்குத் தகுந்த மாதிரி எழுதிக் கொடுப்பார்கள்.