எரிமலைத் தீவுக்கு ஓய்வெடுக்கப் போனவர்கள் இருந்தால் வாங்க

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

போன ஜூலையில் நானும் வீட்டுக்காரியும் மொரீஷியஸ் போய்விட்டு வந்தோம். துபாயில் இருக்கும் மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்து, "அப்பா, பத்து நாள் சும்மா இருந்துட்டு வாங்க" என்றான். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. நாங்கள் பாலக்காட்டுப் பக்கத்துக் கேரளத் தமிழர்கள். தோப்பு, தேங்காய் வெட்டு, கள் இறக்குகிறவர்களோடு கணக்கு, வாளையாறு தாண்டி கோயம்புத்தூர் மார்க்கெட் என்று ஓடியே பழகின உடம்பு. அவள் முப்பது வருடம் தமிழ் மீடியம் டீச்சர், மணி அடிக்காவிட்டால் எழுந்திருக்கவே மாட்டாள்.

பேக்கேஜ் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் (பேர் வேண்டாம்) பத்து நாளைக்கும் அட்டவணை கொடுத்திருந்தார். காலை ஏழு மணிக்கு வேன், மாலை ஆறுக்குத் திரும்பல், நடுவில் ஏழு இடம். இதற்குப் பேர் ஓய்வா? முதல் நாளே சமரேல் போனோம். ஏழு வண்ண மண் என்று பெரிய பேர். எரிமலைப் பாறை லட்சக்கணக்கான வருடம் மக்கி மண்ணாகி, அதில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் சிவப்பும் ஊதாவுமாய்ப் பிரிந்து நிற்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடு என்றால் என்னத்தைப் பார்ப்பது.

இரண்டாம் நாள் காலை வேன் வருவதற்கு முன்னால் கால் நனைக்கலாம் என்று வெறுங்காலோடு கடலில் இறங்கினேன். கடல் முள்ளெலி என்பார்களே, கறுப்பு உருண்டையில் ஊசி ஊசியாக, அதன் மேல் நேராக மிதித்துவிட்டேன். ஹோட்டல் பையன் வந்து இடுக்கி வைத்து முள்ளை எடுத்துக் கொடுத்தான். இரண்டு மூன்று உள்ளேயே முறிந்துவிட்டது. ஒரு வாரம் நொண்டல். வேன் போயே போச்சு, கட்டின பணமும் போச்சு. ஏஜென்டிடம் திரும்பக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆனால் அந்த முள்ளுக்கு நான் கோயில் கட்டலாம். அன்றைக்குத்தான் விடுமுறையே தொடங்கியது.

நாங்கள் தங்கியது ஃபிளிக் ஆன் ஃபிளாக் என்ற ஊர், மேற்குக் கரை. கரை நெடுக சவுக்குத் தோப்பு. எங்கேயோ வெளிநாட்டுக் கடற்கரை என்று நினைத்துப் போனால் நம்ம சவுக்கு, அதே உய்ய் என்ற காற்றுச் சத்தம், காலடியில் அதே ஊசி இலை மெத்தை. அதன் நிழலில் ஒரு துண்டை விரித்துப் படுத்தேன். எதிரே அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வெள்ளைக் கோடு, அதுதான் பவளப் பாறை. தீவைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் இந்த வேலி இருக்கிறது. எரிமலை கடலுக்கடியிலிருந்து கிளம்பி, எண்பது லட்சம் வருடத்துக்கு மேல் ஆகி, அதன் விளிம்பில் பவளம் வளர்ந்து அலையை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. இந்தப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி. என் வீட்டுக்காரி கன்னியாகுமரியில் முழங்கால் நனைக்கக் கூடப் பயந்தவள். இங்கே சித்தூரில் சோகநாசினி ஆற்றில் உட்காருவது போல இடுப்பளவு நீரில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. வேலி இல்லாத தெற்கு முனையில் க்ரீ க்ரீ என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே அலை கரும்பாறையில் நேராக வந்து அடிக்கிறது. கடைசி நாள் அதையும் பார்த்த பிறகுதான் அந்த வெள்ளைக் கோட்டின் மதிப்பு எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகப் பானை சட்டியோடு கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு கூட்டம் சருகைக் கொளுத்தி வட்டமான தோல் மேளத்தைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பறை காய்ச்சுகிற மாதிரியே! அது ரவான், ஆட்டுத் தோல், செகா ஆட்டத்துக்கு அடிப்பது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். காய்ந்த தோலை விரலால் தட்டிப் பார்த்து, போதாது என்று தலையாட்டி மறுபடி தீயில் காட்டினார்களே, அந்தத் தலையாட்டல் எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பில் பார்த்ததுதான்.

சாப்பாடு. "தோல் பூரி" என்று வண்டியில் எழுதியிருக்கக் கண்டு வீட்டுக்காரி முகத்தைச் சுளித்தாள். தோல் இல்லை, தால். பருப்பு வைத்துத் தேய்த்த மெல்லிசான ரொட்டி, மொச்சைக் குழம்பும் சட்னியும் தடவிச் சுருட்டித் தருகிறார்கள். எங்கள் போளியில் வெல்லத்தை மறந்துவிட்டால் கிடைக்கும் பண்டம். காட்டோ பிமான் என்பது அசல் பருப்பு வடை, அதை ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துத் தின்கிறார்கள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கால் கொஞ்சம் ஆறியதும் பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறி க்யூர்பீப் போனோம். மேட்டு ஊர், எப்போதும் தூறல், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அங்கே த்ரூ ஓ செர்ஃப் என்ற எரிமலை வாய். மான் குழி என்று அர்த்தமாம். புகையும் இல்லை நெருப்பும் இல்லை, பெரிய கிண்ணம் போல பள்ளம், உள்ளே மரம் அடர்ந்து அடியில் கொஞ்சம் தண்ணீர். விளிம்பைச் சுற்றி ரோடு, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர் போல வரும், ஊர்க்காரர்கள் வாக்கிங் போகிறார்கள். எரிமலை வாயில் ஷூ போட்டுக்கொண்டு சர்க்கரைக்காக நடக்கிறார்கள் என்பது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அங்கேதான் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். நெற்றியில் விபூதி. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு போனதைக் கேட்டு நின்றுவிட்டார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. கோவில், காவடி, ரசம், இப்படிப் பத்து சொல் தெரியும், மீதி ஆங்கிலம். இந்தியாவில் எங்கே என்றார். கேரளா என்றோம். "அப்படியானால் மலையாளியா?" இல்லை, தமிழ். "தமிழ்நாடா?" இல்லை, கேரளா. இந்தக் கேள்வியை நாங்கள் பாலக்காட்டிலும் கேட்டிருக்கிறோம், பொள்ளாச்சியிலும் கேட்டிருக்கிறோம். இங்கேயும் வந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவள் முணுமுணுத்தாள்.

பெரியவர் பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். மொரீஷியஸ் நோட்டில் தமிழ் இருக்கிறது, தெரியுமா? அதை அவள் சத்தமாக வாசித்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. 1998இல் புது நோட்டு அடித்தபோது இரண்டாவது இடத்தில் இருந்த தமிழை மூன்றாவதாக இறக்கிவிட்டார்களாம். தமிழர்கள் பெரிய போராட்டம் செய்து, அரசாங்கம் அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்ததாம். "எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அது எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும்" என்றார். எங்கள் பக்கத்தில் நேர் எதிர். வாய் நிறையத் தமிழ் இருக்கிறது, பஞ்சாயத்து ஆபீஸில் தமிழில் ஒரு படிவம் வாங்க அவள் எத்தனை தடவை நடந்திருக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவர் வீட்டில் சாப்பாடு. வாழை இலை, ஏழு கறி, "ரசோன்" என்று ரசம். தைப்பூசத்துக்கு அங்கே அரசாங்க விடுமுறை, க்வாத்ர் போர்ன் பக்கம் ஒரு மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு அவரும் காவடி எடுத்திருக்கிறார். அவர் பாட்டனார் கரும்பு வெட்ட வந்த குடும்பம். கரும்புக் காட்டுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் குவியல்கள் இருந்ததை வழியெல்லாம் பார்த்தோம். எரிமலை கக்கிய கல். கையால் பொறுக்கி அடுக்கியது. "எல்லாம் எங்கள் ஆட்கள் கை" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூலை அங்கே குளிர்காலம், வெயில் சுடாது. புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். தண்ணீரில் இறங்க ரப்பர் ஷூ கட்டாயம், என் காலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். சரி, நீங்கள் சொல்லுங்கள்.

களியக்காவிளை கண்ணாடி:

இவ்வளவு செலவு செய்து சவுக்குத் தோப்பில் படுத்தீர்களா அண்ணாச்சி? வர்க்கலா எங்க வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வர்க்கலாவில் படுத்தால் போன் வரும் தம்பி.

நகரி தறிக்காரன்:

அண்ணா, சும்மா இருப்பது பற்றி என்னைக் கேளுங்கள். எனக்கு ஆந்திரா நகரியில் எட்டு விசைத்தறி. பிறந்ததிலிருந்து டக்கு டக்கு சத்தத்தில்தான் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம். 2023 மார்ச்சில் மச்சான்களோடு பாலி போனேன். எரிமலை ஏறணும், கடலில் குதிக்கணும் என்று திட்டம். போய் இறங்கின பிறகுதான் தெரிந்தது, 22ஆம் தேதி நியெப்பி. அவர்களுடைய சக வருடப் பிறப்பு. அன்றைக்குத் தீவு முழுக்க மூடல். ரோட்டில் கால் வைக்கக் கூடாது, விளக்கு வெளியே தெரியக் கூடாது, வேலை கூடாது, ஏர்போர்ட்டே ஒரு நாள் மூடிவிடுவார்கள், மொபைல் நெட்டையும் நிறுத்திவிடுவார்கள். சுற்றுலாக்காரனுக்கும் விலக்கு இல்லை, தெருவில் காவல்காரர்கள் சுற்றி வருகிறார்கள், ஆம்புலன்ஸ் மட்டும் போகலாம்.

முந்தின ராத்திரி ஒரே ஆர்ப்பாட்டம், ஓகோ ஓகோ என்கிற பூத பொம்மைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக. காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லை.

இதில் என்ன கூத்து என்றால், அதே 22ஆம் தேதி எங்கள் ஊரில் உகாதி. அங்கேயும் சக 1945, இங்கேயும் சக 1945. ஒரே வருடப் பிறப்பு, நாங்கள் மாவிலை கட்டி, பச்சடி கிண்டி, வீட்டுக்கு வீடு கத்துகிறோம். அவர்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் மனைவி வீடியோ காலுக்குக் காத்திருந்தாள், நெட் இல்லை. அதற்கான வசூல் இன்றைக்கும் நடக்கிறது.

காலை முழுக்க என் காதில் தறி ஓடிக்கொண்டே இருந்தது. நிஜமாகச் சொல்கிறேன், நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்... அவ்வளவு இருக்குமோ என்னமோ, அத்தனை தூரம் தள்ளி அந்த டக்கு டக்கு விடவில்லை. மச்சான்கள் சீட்டு ஆடினார்கள், சத்தம் போட்டதற்கு வீட்டுக்கார அம்மா உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனார். மாலை நான்கு மணி வாக்கில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தறி நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. தவளை கத்துவது, பல்லி கத்துவது, வயலில் தண்ணீர் ஒரு மடையிலிருந்து அடுத்த மடைக்கு விழுவது, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. ராத்திரி ஒரு விளக்கும் இல்லாத தீவில் வானத்தைப் பார்த்தேன். எங்கள் அம்மா சின்ன வயதில் காட்டின நட்சத்திரக் கூட்டம் எல்லாம் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி பாத்தூர் எரிமலை ஏறினோம், 1,717 மீட்டர். ஏறுவதை விட இறங்குவது கொடுமை, கறுப்புச் சரளை காலுக்கடியில் உருண்டுகொண்டே இருக்கும். உச்சியில் பாறை இடுக்கில் ஆவி வரும் இடத்தில் கைடு முட்டை அவித்துக் கொடுத்தார். உயிருள்ள மலை, அண்ணா சொன்ன வாக்கிங் மலை இல்லை. எதிரே ஆகுங் மலை. அது 2017 நவம்பரில் சாம்பல் கக்கி ஏர்போர்ட்டைச் சில நாள் மூட வைத்தது. ஆக, அந்தத் தீவில் ஏர்போர்ட்டை மலையும் மூடும், பண்டிகையும் மூடும். சைவக்காரர்கள் கவனம், சம்பல் என்று தரும் காரச் சட்னியில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும்.

செங்கோட்டை அக்கா:

நான் வெளிநாடு எல்லாம் போகவில்லை, அந்தமான்தான். பாராடாங்கில் எரிமலை என்று சொன்னார்கள். என் பேரன் நெருப்பு ஆறு ஓடும் என்று வரைந்தே வைத்திருந்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, செக்போஸ்டில் வரிசையில் நிறுத்தி (புளியரை செக்போஸ்ட் எனக்குப் போதாதா), ஜாரவா மக்கள் வாழும் காட்டு வழியாக வண்டிகளைக் கூட்டமாக விட்டார்கள். போட்டோ எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. அது சரியான சட்டம்தான், அவர்கள் வீட்டு வாசல் அது. போய்ப் பார்த்தால் மூங்கில் வேலிக்குள் சேறு. ஒரு குமிழி வந்து உடைந்தது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. அது சேற்று எரிமலையாம், அடியில் வாயு சேர்ந்து சேற்றைத் தள்ளுகிறது, சூடே கிடையாது. "பாட்டி, நம்ம வீட்டு உளுந்தங்கஞ்சி இதைவிட நல்லா கொதிக்கும்" என்றான்.

நிஜ எரிமலை பாரன் தீவு, நம் நாட்டில் இப்போதும் உயிரோடு இருக்கிற ஒன்றே ஒன்று. 1991இல் விழித்துக்கொண்டது. அங்கே இறங்க விடமாட்டார்கள், கப்பலில் இருந்தே பார்க்க வேண்டியதுதான். ஆனால் பாராடாங்கில் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் படகு இருக்கிறதே, அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் கூரை போட்ட மாதிரி வளைந்திருக்க, படகோட்டி எஞ்சினைக் குறைத்துவிட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்காக மறுபடியும் மூன்று மணிக்கு எழுந்திருப்பேன்.

ஆமாம் தம்பி, அந்தப் பெரியவரோடு டீச்சருக்கு இப்போதும் பேச்சு உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

உண்டு அக்கா. முருகன் பாட்டெல்லாம் அவர் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவார், அர்த்தம் தெரியாது. இவள் வாரம் ஒரு வரி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறாள், அவர் திருப்பிச் சொல்லி அனுப்புகிறார். ஒரு மாதமாகப் "பளனி"யிலேயே நிற்கிறார்கள். நேற்று சாயந்திரம் ஏழாவது தடவை அனுப்பியிருந்தார். இவள் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, பாதி ழ வந்துவிட்டது" என்று சிவப்பு மை டிக் படம் ஒன்றை அனுப்பினாள்.