கத்தி தீட்டும் சத்தம் கேட்டாலே மகன் வெளியே போய்விடுகிறான்

கருங்கல்காரி:
மகன் ஒன்பதாம் வகுப்பு. ஆறு வாரத்துக்கு முன்னால், டியூஷன் முடிந்து வரும் வழியில், ஜங்ஷனில் ஒரு ஆளை வெட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டான். வந்தான், சைக்கிளைச் சாய்த்தான், சோறு தின்றான். மூச்சு விடவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அவன் அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. விடியுமுன் கல்லில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டதும் எழும்பி முற்றத்தில் போய் நிற்கிறான். லீவு நாளில் சிரட்டை மாட்டக் கூடவே ஓடுகிறவன், இப்போது தோட்டத்துப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. தங்கை பின்னால் வந்து தொட்டதற்கு அறைந்துவிட்டான். பள்ளியில் திமிர் என்கிறார்கள். மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டினார். சரி, அது கையில் கிடக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வெட்டு வீடியோவை ராத்திரி திரும்பத் திரும்பப் பார்க்கிறான். பயந்த பிள்ளை அதை எதற்குப் பார்க்கிறது?

குழித்துறை அண்ணன்:
ஆம்பிளைப் பிள்ளைதானே. நாங்கள் பார்க்காத வெட்டா? போகப்போகச் சரியாகிவிடும்.

தக்கலை நர்ஸ்:
தங்கச்சி, திமிர் இல்லை. இந்த வயதில் பயம் பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். நிறையப் பிள்ளைகள் சில வாரத்தில் தானாகத் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் திடுக்கிடுவது, ஒதுங்குவது, கெட்ட கனவு என்று நீண்டால் காட்டியே ஆக வேண்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனதும் மாத்திரைதான் என்று பயப்படாதீர்கள், முதலில் பேச்சு வழியாகத்தான் சிகிச்சை. அதுவரை 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை.

வீடியோவைப் பிடுங்காதீர்கள். பிடிபடாத ஒன்றைப் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்கிறான் போல. ஆனால் ஒவ்வொரு தடவையும் காயம் கிளறும். கூட உட்கார்ந்து அழிக்கச் சொல்லுங்கள்.

வடசேரிக்காரன்:
குழித்துறை அண்ணே, போகப்போகச் சரியாகிவிடும் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். பதிமூன்று வயதில் பார்த்தேன், இப்போது முப்பத்தெட்டு. பஸ் ஸ்டாண்டில் இன்றும் சுவரில் முதுகை ஒட்டித்தான் நிற்பேன். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் எத்தனை வெட்டு, யார் வெட்டினது என்று கேட்டார்கள். தூக்கம் வருகிறதா என்று ஒருத்தர் கேட்கவில்லை.

கருங்கல்காரி:
இன்றைக்கு அவர் கத்தியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் தீட்டினார். இவன் ஆறரை வரை தூங்கினான். 14416-இல் பேசினேன், திங்கள்கிழமை ஆசாரிப்பள்ளம் போகிறோம். வீடியோவை அழிப்போமா மக்களே என்று அவனிடம் கேட்டேன். நாளைக்கு என்றான்.