புதுப்பிப்பு: குளித்ததும் அம்மாவுக்கு வரும் அரிப்பு

போன மாதம் கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 18.6 (இருக்க வேண்டியதைவிட அதிகம்), குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் அரிப்பு, சோப்பை மாற்றியும் போகவில்லை, ஏன் என்று. விடை கிடைத்துவிட்டது, பாலிசைதீமியா வீரா. எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். பாவம், சோப்பின் மேல் பழி போட்டோம். தண்ணீர் பட்டால் வரும் அரிப்பே இதன் அறிகுறிகளில் ஒன்றாம்.

ஜேக்2 மரபணுப் பரிசோதனையில் உறுதியானது. இந்த நோய் உள்ளவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோருக்கு அந்த மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும், 2005இல்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறவியில் வருவதல்ல, பிற்பாடு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல் ஒன்றில் ஏற்படுவது.

புற்றுநோய் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "முடி கொட்டுமா?" மருத்துவர் சிரித்துவிட்டு, ரத்ததானத்துக்கு எடுப்பதுபோல ஒரு பை ரத்தம் எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 45 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை இப்படியே எடுப்பார்களாம். கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின், ஏனென்றால் இதில் பெரிய பயமே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுதான்.

அப்புறம், களைப்புக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கச் சொன்னவர்களுக்கு: நல்லவேளை கொடுக்கவில்லை, அது மஜ்ஜைக்குத் தீனி போட்ட கதையாகியிருக்கும். அடுத்த ரத்தப் பரிசோதனை இரண்டு வாரத்தில்.