புதுப்பிப்பு: ரஷ்யப் பேரரசின் 27-வது காலாட்படை டிவிஷன்

டிவிஷனின் அமைப்பைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன்: 2 பிரிகேடு, அவற்றுக்குள் 4 ரெஜிமென்ட், அவற்றுக்குள் 16 பட்டாலியன் (எல்லாம் படைப்பிரிவுகள்தான், பெரியதிலிருந்து சிறியதாக). ரெஜிமென்ட் எண்ணை வைத்து டிவிஷனைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியும். டிவிஷன் எண்ணை 4-ஆல் பெருக்கினால் அதன் கடைசி ரெஜிமென்ட் வந்துவிடும். 27-க்கு 108, அதாவது சரதோவ் என்ற பெயர் கொண்ட ரெஜிமென்ட். அதற்கு முன்னால் 105 ஒரன்பூர்க், 106 ஊஃபா, 107 துரோயிட்ஸ்க். கார்டு எனப்படும் பேரரசரின் காவல் படைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

டிவிஷனில் ஒரு ரெஜிமென்ட் எத்தனையாவது என்ற வரிசை அணிவகுப்புத் தொப்பிப் பட்டையின் நிறத்திலும் தெரியும்: சிவப்பு, நீலம், வெள்ளை, கரும்பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் தன் ஆள் யாரென்று புரிந்துவிடும்!

அப்புறம், முதல் உலகப் போரில், 1914 ஆகஸ்டில் ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில் உள்ள ஸ்டாலுப்பெனனில் ஒரன்பூர்க் ரெஜிமென்ட் நொறுங்கியது. மூன்றே நாளில் அதே பகுதியில் கும்பின்னனில் இதே டிவிஷன் ஜெர்மன் தளபதி மாக்கென்சனின் கோரை (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படையை) திருப்பியடித்தது. 1915 பிப்ரவரியில் அவுகுஸ்தோவ் காட்டில் ரஷ்யாவின் 20-வது கோரோடு சேர்ந்து சிக்கி அழிந்தது.